அறை போடாத பயணம்: விடிகாலை கிளம்பி இரவுக்குள் வீடு

சுற்றுலாப் புள்ளிவிவரம் எடுப்பவர்கள் கணக்கில், போன ஊரில் ஓர் இரவாவது தங்கினால்தான் நீங்கள் சுற்றுலாப் பயணி. காலையில் போய் அன்றைக்கே திரும்பிவிட்டால் உங்களை வேறு கணக்கில் சேர்த்துவிடுவார்கள், 'அன்றே திரும்பும் வருகையாளர்' என்று. ஐ.நா. சுற்றுலா அமைப்பு வைத்திருக்கும் வரையறையே இதுதான். ஏதோ ஆபீஸ் சமாச்சாரம் மாதிரி தோன்றினாலும், இப்படிப் பிரித்ததில் விஷயம் இருக்கிறது. லாட்ஜில் அறை போட்டவருக்கும் போடாதவருக்கும் அந்த ஊர் ஒன்றல்ல.

அறை என்றால் ராத்திரி தூங்குவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது பகலில்தான் அதிக வேலை செய்கிறது. சுத்தமான கழிவறை, பையை இறக்கி வைக்க ஓர் இடம், உச்சிவெயிலில் ஒரு மணி நேரம் படுக்க நிழல், வியர்த்த சட்டையை மாற்ற ஒரு கதவு, போனுக்குச் சார்ஜ் எல்லாம் அதில் அடக்கம். கடைசி பஸ் போய்விட்டால் 'சரி, காலையில் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் தைரியமும் அந்த வாடகைக்குள்தான் வருகிறது. ஒருநாள் பயணம் சொதப்பினால், தொண்ணூறு சதம் இவற்றில் ஏதோ ஒன்றுக்கு மாற்று ஏற்பாடு இல்லாமல்தான் சொதப்பியிருக்கும். தூரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

சென்னையிலிருந்து போகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். செஞ்சி, காஞ்சிபுரம், வேடந்தாங்கல் மூன்றும் மூன்று விதமான கணக்கு. மாமல்லபுரத்துக்குக் கணக்கே வேண்டாம், கடைசியில் நாலு வரி போதும்.

கணக்கை எங்கே தொடங்குவது

பெரும்பாலானவர்கள் 'காலையில ஆறு மணிக்குக் கிளம்பலாம்' என்று தொடங்குகிறார்கள். அது தலைகீழ். 'ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக் கதவைத் திறக்கணும்' என்பதுதான் முதல் கேள்வி. அங்கிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டே வாருங்கள்.

செஞ்சிக்கோட்டையையே எடுத்துக்கொள்வோம். வீடு மயிலாப்பூர் பக்கம், இரவு 9-க்கு வீட்டில் இருக்கணும். கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம். ஆகவே கிளாம்பாக்கத்தில் 7.30-க்கு இறங்கணும். செஞ்சியிலிருந்து கிளாம்பாக்கம் ஏறக்குறைய 120 கிலோமீட்டர், அரசுப் பேருந்தில் 3 மணி நேரம். பஸ் 4.30-க்கு நகரணும். பஸ்ஸுக்குக் காத்திருக்க அரை மணி என்றால் 4 மணிக்கு செஞ்சி பேருந்து நிலையத்தில் நிற்கணும். கோட்டையிலிருந்து அங்கே வர ஆட்டோவில் கால் மணி. அதற்குமுன் சாப்பாடு, கை கால் கழுவல், கொஞ்சம் உட்காரல் எல்லாமாக ஒன்றரை மணி. இப்போதே 2.15-க்கு வந்துவிட்டோம். கீழே கல்யாண மகால், களஞ்சியம் பார்க்க ஒன்றரை மணி: 12.45. கோட்டையின் ராஜகிரிக் குன்று ஏறி இறங்க 3 மணி: 9.45. அப்படியென்றால் கிளாம்பாக்கத்தில் 6 மணிக்குமேல் பஸ் ஏறுவது ஆபத்து. வீட்டில் எழுவது 4 மணிக்கு.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு 'செஞ்சி முடிச்சுட்டு அப்படியே திருவண்ணாமலையும் பார்த்துட்டு வந்துடலாம், 37 கிலோமீட்டர்தானே' என்ற யோசனை தானாகவே செத்துப்போகும். அண்ணாமலையார் கோயில் வரிசை அரை மணியில் முடிவதும் உண்டு, மூன்று மணி நேரம் இழுப்பதும் உண்டு. எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாத ஒன்றை ஒருநாள் பயணத்தின் பின்பாதியில் வைத்தால், அது விழுங்குவது திரும்பும் பஸ்ஸைத்தான். வரிசை உள்ள இடம் எதுவானாலும் முதலில் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

இன்னொரு கடிகாரம் சூரியன். சென்னை வட்டாரத்தில் நவம்பர், டிசம்பரில் 5.45-ஐ ஒட்டி அஸ்தமனம். ஜூன் கடைசியில் 6.40 வரை வெளிச்சம் நிற்கும். கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வித்தியாசம். கோடையில் சரியாக வந்த திட்டத்தை அப்படியே மார்கழிக்கு எடுத்துப்போனால் கடைசி இடத்தை இருட்டில்தான் பார்ப்பீர்கள்.

செஞ்சி

கிளாம்பாக்கம் முனையம் 2023 டிசம்பர் 30-ல் திறந்ததிலிருந்து செஞ்சிக்கு நேர் பஸ் பிடிக்க அதுதான் இடம். செஞ்சி என்றே போர்டு போட்ட வண்டிக்காகக் காத்திருக்க வேண்டாம். திருவண்ணாமலை வண்டிகள் திண்டிவனம், செஞ்சி வழியாகப் போகும். எல்லாமே அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். திருவண்ணாமலைக்கு வந்தவாசி, சேத்துப்பட்டு வழியும் உண்டு, ஆரணி வழியும் உண்டு. போர்டில் 'திருவண்ணாமலை' என்ற பெரிய எழுத்தைப் பார்த்து ஏறி, மேல்மருவத்தூர் தாண்டி வண்டி வலதுபக்கம் திரும்பிய பிறகு முழிப்பவர்கள் உண்டு. பெரிய எழுத்துக்குக் கீழே சின்னதாக 'வழி' எழுதியிருக்கும். அதைப் படியுங்கள், அல்லது ஏறும்போதே 'செஞ்சி போகுமாண்ணே?' என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை. நேர் பஸ் தவறினால் திண்டிவனம் போய் மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து செஞ்சி 28 கிலோமீட்டர், வண்டி அடிக்கடி கிடைக்கும். ரயில் பிடித்தவர்கள் எழும்பூர் அல்லது தாம்பரத்திலிருந்து திண்டிவனம் வந்து இதே வேலையைச் செய்யலாம்.

பெண்களுக்கு ஒரு விஷயம்: மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்குத்தான். வெளியூர் வண்டியில் டிக்கெட் எடுத்தாகணும்.

நாள் பார்த்துப் போவது முக்கியம். ராகுகாலம் எமகண்டம் இல்லை, பௌர்ணமி. திருவண்ணாமலைக் கிரிவலக் கூட்டம் இந்தப் பாதையிலும் போகும். பௌர்ணமி அன்று காலையிலிருந்தே வண்டிகள் நிரம்பிவிடும், மறுநாள் காலை வரும் வண்டிகளில் கால் வைக்க இடமிருக்காது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கம் தலையே வைக்காதீர்கள். முகூர்த்த நாட்களிலும் காலை வண்டிகளில் பட்டுப்புடவைக் கூட்டம் இருக்கும், ஆனால் சமாளித்துவிடலாம். மாதங்களில் டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்லது. சித்திரை வெயிலில் ராஜகிரி ஏறுவது வீரமில்லை. பாறை அடுப்புக்கல் மாதிரி காய்ந்திருக்கும்.

கோட்டை ஊருக்கு மேற்கே, பேருந்து நிலையத்திலிருந்து 2 கிலோமீட்டர் போல, திருவண்ணாமலை சாலையிலேயே இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். கோனார்கள் தொடங்கி, விஜயநகர நாயக்கர்கள் பெரிதாக்கி, பீஜப்பூர் கைக்குப் போய், 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை இது. அவர் மகன் ராஜாராம் இங்கே வந்து உட்கார்ந்துகொள்ள, முகலாயப் படை ஏழெட்டு வருஷம் முற்றுகையிட்டு 1698-ல்தான் கைப்பற்றியது. 2025 ஜூலையில் மராத்தியர் படைத்துறை நிலப்பரப்புகள் என்று 12 கோட்டைகளைச் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மிச்சம் ஒன்று இது. அதனால் விடுமுறை நாளில் முன்பைவிடக் கூட்டம் எதிர்பாருங்கள்.

ஒருநாள் பயணத்துக்கு ஒரு குன்றுதான். இதில் பேரம் பேச வேண்டாம். ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் இரண்டும் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாவதைப் பாதியில் விட்டுவிட்டு, கால் நடுங்க வந்து பஸ் ஏறுவார்கள். ராஜகிரி உயரம் 800 அடி. ஏறும் வழியில் முதல் பகுதி மரநிழல், படிகளும் பரவாயில்லை. மேலே போகப் போக நிழல் விட்டுப்போகும், படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. ஒன்று முழங்கால் அளவு, அடுத்தது நாலு விரல். தாளம் பிடித்து ஏற முடியாததுதான் களைப்புக்குக் காரணம், உயரம் அல்ல. ஐம்பது படிக்கு ஒருமுறை, மூச்சு வாங்குவதற்கு முன்பே நில்லுங்கள். உச்சிக்குச் சற்றுமுன் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும், ஆழம் ஏறத்தாழ 60 அடி. அதன்மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் இழுத்துக்கொள்ளும் பாலம் அது. எதிரி அடிவாரத்தையும் ஏழு வாசல்களையும் பிடித்தாலும் இந்தப் பத்து கஜத்தில் நின்றுபோவான். கோட்டை ஏன் அத்தனை வருஷம் விழவில்லை என்பது புத்தகத்தில் படிப்பதைவிட இந்தப் பாலத்தின் நடுவில் நின்று கீழே பார்த்தால் சட்டென்று புரியும். மேலே ரங்கநாதர் கோயில், களஞ்சியம், ஒரு பீரங்கி, நாலு பக்கமும் காற்று.

பிற்பகல் நெருங்கிவிட்டால் உச்சிக்கு ஏற விடாமல் கீழேயே காவலர்கள் நிறுத்திவிடுவார்கள். 'கீழ சுத்திப் பார்த்துட்டு அப்புறம் ஏறலாம்' என்பது தவறான வரிசை. ஏறுவது முதலில், கல்யாண மகால் பிறகு. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் படிகளில் பாசி வழுக்கும். ஏறும்போது தெரியாது, இறங்கும்போது தெரியும். அடிப்பாகம் தேய்ந்த செருப்பும், தோல் செருப்பும் வேண்டாம். பள்ளம் உள்ள ரப்பர் அடி வேண்டும், பின்பட்டை வேண்டும்.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். இதில் ஒரு சொட்டுக்கூடக் குறைக்காதீர்கள். அடிவாரத்தை விட்டால் மேலே வாங்க வழியில்லை. ஒரு லிட்டர் ஏறும்போது, அரை லிட்டர் உச்சியில், மிச்சம் இறங்க. ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒன்றைக் கரைத்துக்கொள்ளுங்கள், அல்லது எலுமிச்சை பிழிந்து உப்பு, சர்க்கரை போட்டுக்கொள்ளுங்கள். வழியில் கழிவறை இல்லை என்று தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பழக்கம், குறிப்பாகப் பெண்களிடம் அதிகம். காஞ்சிபுரத்துக்கு அது வெறும் அசௌகரியம், ராஜகிரியில் அது மயக்கம். திண்டிவனத்திலோ செஞ்சி பேருந்து நிலையத்திலோ போய்விட்டு, அடிவாரத்தில் இன்னொரு முறை போய்விட்டு, பிறகு தாராளமாகக் குடித்தபடி ஏறுங்கள். வெயிலில் குடிப்பதில் பெரும்பங்கு வியர்வையாகவே போய்விடும்.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் செஞ்சியைப் பற்றி எழுத முடியாது. அவற்றுக்கு ஓர் இலக்கணம் உண்டு. கையில் தொங்கும் பை என்றால் சாப்பாடு. சலசலக்கும் கவர் என்றால் நிச்சயமாகச் சாப்பாடு. முதுகில் ஜிப் போட்டு ஒட்டிய பை என்றால் ஒரு பார்வை பார்த்துவிட்டு விட்டுவிடும். அதனால் எல்லாம் முதுகுப் பைக்குள், ஜிப் இரண்டும் மேலே சேராமல் பக்கவாட்டில் சேருமாறு. குளிர்பான பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள், தண்ணீர் பாட்டிலும் உள்ளேதான். பிடுங்கிவிட்டால் திருப்பிப் பிடுங்கப் போகாதீர்கள். கடி விழுந்தால் ஊசி போட ஆஸ்பத்திரி, அத்தோடு அன்றைய நாள் முடிந்தது. மலை மேல் சாப்பிடும் எண்ணமே வேண்டாம், கடலை மிட்டாய் தவிர.

எழுபது வயது அம்மாவோ ஆறு வயதுப் பிள்ளையோ உடன் வந்தால் மேலே போக வேண்டியதில்லை. கீழ்க்கோட்டையே மூன்று மணி நேரத்துக்குப் போதும். கல்யாண மகாலின் அடுக்குகள், பக்கத்தில் குளம், களஞ்சியம், வேங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் சமதளம்.

காஞ்சிபுரம்: நடுவில் ஓட்டை விழுந்த நாள்

செஞ்சிக்கு நேர்மாறு. நடக்க சுலபம், போக சுலபம், 75 கிலோமீட்டர். ஆனால் நாளின் நடுவில் மூன்றரை மணி நேரம் ஊரே பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான கோயில்கள் 12, 12.30-க்கு நடை சாத்தி 4 மணிக்குத்தான் திறக்கும். அறை போட்டவர் போய்ப் படுத்துவிடுவார். போடாதவர் கோயில் வாசலில் சுடுகல்லில் நிற்பார். காஞ்சிக்குத் திட்டம் என்றாலே இந்த இடைவெளிக்குத்தான் திட்டம்.

காலை 7.30-க்குள் கைலாசநாதர் கோயில். மேற்கே, ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கிறது. ராஜசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மணற்கல் கோயில். சுற்றுப்பிரகாரம் முழுக்க 58 சின்னச் சின்ன சன்னதிகள், குனிந்து பார்த்தால் சிலவற்றில் பழைய ஓவியத் திட்டுகள். முற்றம் திறந்தவெளி. பத்து மணிக்குமேல் தரை காலைச் சுடும், பதினொன்றுக்கு ஓடத்தான் முடியும். இதைக் கடைசிக்கு வைத்துக்கொள்பவர்கள் சிற்பத்தைப் பார்ப்பதில்லை, நிழலைத் தேடுவார்கள். ஒரு ஜோடி பழைய பருத்திக் காலுறை பையில் இருந்தால் இந்த ஊரில் பல இடத்தில் கை கொடுக்கும்.

அடுத்து ஏகாம்பரநாதர். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரம், உயரம் 59 மீட்டர். பிறகு காமாட்சியம்மன், நேரம் இருந்தால் வைகுண்டப் பெருமாள். இந்தக் கடைசிக் கோயிலைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. பல்லவர் வரலாறு முழுக்க சுற்று மண்டபச் சுவரில் வரிசையாகக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறது. வரதராஜப் பெருமாளைக் காலையில் தொடவே தொடாதீர்கள். அவர் சின்ன காஞ்சிபுரத்தில், ஊரின் மறுகோடியில் இருக்கிறார். மாலை 4 மணிக்குத் திறந்ததும் முதல் ஆளாக அங்கே நின்றால் கூட்டமும் குறைவு, நூற்றுக்கால் மண்டபத்தில் வெயிலும் சாய்ந்திருக்கும். அத்தி வரதர் தரிசனத்துக்கு என்றால் அவசரமில்லை. கோயில் குளத்துக்குள் இருக்கும் அத்திமரப் பெருமாள் அவர். 2019-ல் வெளியே வந்தவர், 40 வருஷத்துக்கு ஒருமுறைதான்.

நடுவில் 12.30 முதல் 4 வரை என்ன செய்வது? சாப்பாட்டை 1.15-க்குத் தள்ளுங்கள், நடை சாத்தியதும் மொத்தக் கூட்டமும் ஓட்டலுக்குத்தான் போகும். பட்டு எடுக்கும் வேலை இருந்தால் அதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். ஏசி, உட்கார மெத்தை, கழிவறை மூன்றும் உள்ள இடம் இந்த ஊரில் பட்டுக்கடைதான். கடைக்காரர் இரண்டு மணி நேரம் புடவை விரித்துப் போட்டபின் எதுவும் வாங்காமல் எழுவது மனசாட்சிக்கு விட்ட விஷயம். ஆட்டோக்காரர் தாமாகவே அழைத்துப்போகும் கடையில் அவர் கமிஷனும் விலையில் சேர்ந்திருக்கும். கடையை நீங்கள் முடிவு செய்து, பெயர் சொல்லி, அங்கே இறக்கிவிடச் சொல்லுங்கள்.

வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி பற்றியும் ஒரு வார்த்தை. மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்த மாவை ஊற்றி நெடுநேரம் ஆவியில் வேகவைப்பது. ஓட்டலில் தட்டு இட்லி வடிவில் 'காஞ்சிபுரம் இட்லி' என்று வருவது அதன் பேரப்பிள்ளை.

போக்குவரத்தில் ரயிலை நம்பலாம், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. சென்னைக் கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கு மின்சார ரயில் இருக்கிறது. ஒரு நாளைக்குக் கையளவு வண்டிகள்தான், தவறினால் அடுத்ததற்கு மணிக்கணக்கு. திரும்பும்போது தவறிவிட்டால் நடைமேடையில் உட்கார்ந்திருக்க வேண்டாம். பேருந்து நிலையத்துக்குப் போய் வாலாஜாபாத் வழி செங்கல்பட்டு பஸ் பிடியுங்கள். செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயில் அடிக்கடி உண்டு. பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழிச் சென்னை பஸ் இருக்கவே இருக்கிறது. ஆனால் ஞாயிறு மாலை அந்தச் சாலையின் குணம் தெரிந்ததுதானே.

வேடந்தாங்கல்: போவதற்கு முன்னால் ஒரு கேள்வி

'ஏரியில தண்ணி இருக்கா?' இதை விசாரிக்காமல் கிளம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பினால்தான் பறவைகள் வந்து கூடு கட்டும். கூட்டுக்கடியில் தண்ணீர் நிற்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு, நாயும் கீரியும் மரத்தை நெருங்க முடியாது. மழை பொய்த்த வருஷம் மரம் மட்டும்தான் பார்க்கலாம். நல்ல வருஷத்தில் டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை உச்சம்.

நேரம் இரண்டே இரண்டு. விடிந்து எட்டரை வரை, அல்லது மாலை 4-க்குமேல் அடையும் நேரம். நடுப்பகலில் போனவர்கள்தான் 'ஒண்ணுமே இல்லப்பா' என்று வந்து சொல்பவர்கள். மாலையே மேல் என்பேன். இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாக வந்திறங்கும், கூழைக்கடா இறங்கும்போது தண்ணீரில் சறுக்கும் கோடு தெரியும். நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா எல்லாவற்றையும் ஒரே கரையில் நின்று பார்க்கலாம். பைனாகுலர் இல்லாவிட்டால் பாதிப் பயணம் வீண். அங்கே வாடகைக்குக் கிடைக்கும், கண்ணாடி தெளிவாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு எடுங்கள். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சட்டையை விட்டுவிட்டு மங்கிய நிறம் போட்டுக்கொள்ளுங்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதால் ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். அங்கே போய் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பவரை அவர்கள் பார்க்கும் பார்வையே போதும்.

பஸ்ஸில் போவது இங்கே கஷ்டம். ஜி.எஸ்.டி. சாலையில், அதாவது சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலையில், படாளம் வரை வருவது சுலபம், அங்கிருந்து உள்ளே போகும் வண்டி குறைவு. இருட்டியபின் வெளியே வர ஆட்டோ கிடைக்காது. போகும் ஆட்டோவையே திரும்பவும் பேசிக் காத்திருக்கச் சொல்லுங்கள், முழுப்பணத்தையும் முதலிலேயே கொடுத்துவிடாதீர்கள். நாலைந்து பேர் என்றால் வாடகைக் கார்தான் சரி. கார் பேசும்போது இரண்டு கேள்விகள்: குறைந்தபட்சக் கிலோமீட்டர் எவ்வளவு, 'ஷெட் டு ஷெட்'டா? வேடந்தாங்கல் போய்வர 160 கிலோமீட்டர்தான் ஓடும். குறைந்தபட்சம் 250-க்குக் காசு வாங்குபவரிடம் பேசினால் மிச்சத்துக்கும் சேர்த்துத்தான் தருகிறீர்கள். ஷெட் அம்பத்தூரிலும் வீடு வேளச்சேரியிலும் என்றால் நீங்கள் ஏறாத தூரமும் மீட்டரில் ஓடும். டிரைவர் பேட்டா, சுங்கம், இரவு பத்து மணிக்குமேல் கூடுதல் பேட்டா உண்டா என்பதையும் கிளம்புமுன் வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டுச்சோறு

எந்த ஊராக இருந்தாலும் காலைச் சாப்பாட்டைக் கையில் கொண்டுபோனால் முக்கால் மணி நேரம் மிச்சம். இட்லியில் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் இருபக்கமும் தடவி, முழுக்க ஆறியபின் வாழையிலையில் கட்டணும். சூடாகக் கட்டினால் ஆவி தண்ணீராகி அடி இட்லி கொழகொழவென்று போகும். தேங்காய்ச் சட்னி பத்து மணிக்கே நூல் விடும், வேண்டாம். மதியத்துக்குப் புளியோதரை எந்தக் கேள்வியும் கேட்காமல் தாங்கும்.

தயிர்சாதம்தான் எல்லோரும் கெடுப்பது. தயிரை ஊற்றிப் பிசைந்து எடுத்துப்போனால் ஒரு மணிக்கு வாயில் வைக்க முடியாத புளிப்பு. நாலு பேருக்கு: ஒரு டம்ளர் பச்சரிசியை நாலு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, கை பொறுக்கும் அளவு ஆறியதும் ஒன்றரை டம்ளர் காய்ச்சி ஆறிய பால், அதில் இரண்டு மேசைக்கரண்டி தயிர். வெயில் காலத்தில் ஒரு கரண்டி போதும். உப்பு, கடுகு தாளிப்பு, இஞ்சி, பச்சைமிளகாய். வெங்காயம், வெள்ளரி சேர்த்தால் நீர் விட்டுக் கெடும். காலை 5 மணிக்குப் பிசைந்தது மதியம் வண்டிக்குள்ளேயே உறைந்து பதமாக இருக்கும். டப்பாவை முக்கால் அளவுக்கு நிரப்புங்கள், விளிம்புவரை வேண்டாம், பொங்கும்.

மாமல்லபுரம், நாலு வரி

கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே டிக்கெட், அன்றைக்கு மட்டும் செல்லும், முதல் இடத்தில் வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திறப்பது காலை 6 மணி, அப்போதே போய் நில்லுங்கள். ஒன்பதுக்குள் முடித்து நிழலுள்ள அர்ச்சுனன் தபசுப் பக்கம் வந்துவிடலாம். தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தைச் சேர்ப்பதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை தவிருங்கள், அன்று விடுமுறை. கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே அலைக்கு அடியில் இழுப்பு அதிகம்.

திரும்பும் வழி

தெற்கேயிருந்து வரும் எல்லா ஒருநாள் பயணமும் முட்டி நிற்பது பரனூர் சுங்கச்சாவடிக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில்தான். ஞாயிறு மாலை 6-லிருந்து 10 வரை, அதிலும் தொடர் விடுமுறையின் கடைசி நாள் என்றால் இந்தச் சின்னத் தூரத்துக்கே இரண்டு மணி நேரம் ஆகும். கூகுள் மேப்பில் சிவப்புக் கோடு நீண்டுவிட்டால் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிங்கப்பெருமாள் கோவில், மறைமலை நகர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி ஸ்டேஷன்கள் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டியே இருக்கின்றன. வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும்போதே கண்டக்டரிடம் சொல்லி இறங்கி, நடந்துபோய் மின்சார ரயிலில் ஏறிவிடலாம். பஸ் டிக்கெட்டில் மிச்சமிருக்கும் பத்து இருபது ரூபாயைப் பற்றி யோசிக்காதீர்கள். பொத்தேரியில் சாலையைக் கடக்க நடைமேம்பாலம் பாருங்கள், இருட்டில் நடுச்சுவர் ஏறித் தாண்டுவது உயிரோடு விளையாட்டு. ரயில் டிக்கெட்டை ஆப்பில் எடுப்பதென்றால் நடைமேடைக்குள் நுழைவதற்கு முன்பே எடுத்துவிடணும், உள்ளே போனபின் எடுக்க விடாது. அதற்குள் போன் உயிரோடு இருக்கணும். காலையிலிருந்து போட்டோ எடுத்துத் தீர்ந்த போனோடு நிற்காமலிருக்க பவர் பேங்க், அதோடு ஐம்பது ரூபாய் சில்லறை தனிப் பையில்.